பறுவம் வரை தாங்கும் பற்றரி

செத்துப்போன பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நிசாந்தினி வயல் வரம்பில் குந்தியிருந்தாள். வாயில் வந்தது ஒன்றும் எழுதக்கூடிய வார்த்தை இல்லை. கோதாரி பிடித்த பெட்டி! மூன்றாம் தரமும் செத்துவிட்டது. நாலைந்து நாளைக்கு முன்புதானே பற்றரியை நிறைய ஏற்றி, மழைத் தண்ணி போகாமல் மூடியை இறுக்கி, காட்டுப்பக்க வேலிக்கட்டையில் தன் கையாலேயே கட்டிவிட்டுப் போனாள்?

"நீயெல்லாம் ஒரு மெசின்! ஒரு வேலையும் செய்யாமல் போட்டதெல்லாத்தையும் திண்டுபோட்டு நிக்கிறாய்," என்று பெட்டியைப் பார்த்து ஏசினாள்.

தலைக்கு மேலே, மருதமரத்துக் காவல் கொட்டிலில் இருந்து அவளுடைய தகப்பன் வீரையா எட்டிப் பார்த்தார். "ஏம்மா, அதுக்குக் காது இருக்கா, இப்பிடித் திட்டுற?"

"காது இல்லை, அப்பா. கண் மட்டும்தான். அந்தக் கண்தான் என்ர உயிரை வாங்குது."

வீரையாவுக்குச் சிரிப்பு. அவளுக்கு அதைக் கேட்கப் பற்றிக்கொண்டு வந்தது.

அவருடைய வயல் செட்டிகுளத்துக்கு உட்பக்கம், காடு வந்து முட்டுகிற இடத்தில் கிடக்கிறது. குளத்தில் தண்ணீர் நின்றால் சிறுபோகமும் விதைப்பார். கதிர் பால் பிடிக்கிற மணம் காட்டுக்குள் எப்படித்தான் போய்ச் சேருமோ, யானை வந்துவிடும். அதற்கு முன்னும் பின்னும் பன்றி. அதனால் விதைத்த நாளிலிருந்து வெட்டுகிற நாள்வரை வீரையாவுக்கு இரவில் வீடு என்று ஒன்று கிடையாது. மருதமரத்தில் ஏணியைச் சாத்திக் கொட்டிலில் ஏறினால், ரோர்ச்சும் யானைவெடியுமாய்க் குந்தியிருந்து விடியவைத்துவிட்டுத்தான் இறங்குவார். இளந்தாரியாய் இருக்கையில் அது சரி. இப்போது ஆள் எழுபதை எட்டிப் பிடிக்கிறார். முழங்கால் சொன்னபடி கேட்பதில்லை. இரண்டு கண்ணிலும் படலம். போன மாதம் ஏணியின் நடுப்படியில் கால் வழுக்கி, ஒற்றைக் கையில் தொங்கிக்கொண்டு நின்றவரைக் கண்டு அவருடைய மனுசி மீனம்மா கத்திய கத்தல் அடுத்த வயல்வரைக்கும் கேட்டது. தொங்கவில்லை, இறங்கிக்கொண்டிருந்தேன் என்று மனுசன் இன்றைக்கும் சாதிக்கிறார்.

அவரை அந்த மரத்திலிருந்து இறக்கி வீட்டில் படுக்கவைக்க வேண்டும். நிசாந்தினிக்கு வேண்டியது இவ்வளவுதான். கெஞ்சிப் பார்த்தாள், சண்டை பிடித்துப் பார்த்தாள், இரண்டு நாள் கதைக்காமலும் இருந்து பார்த்தாள். ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில்தான் யானை வந்தால் தானாய்க் கத்தும் பெட்டி ஒன்றைச் செய்து தருகிறேன் என்று வாய் கொடுத்தாள். வீரையா வெற்றிலையை மென்றபடி யோசித்துவிட்டு ஒரு நிபந்தனை போட்டார்.

"அமாவாசையில கட்டுனா பறுவம் வரைக்கும், நெலா முழுசா நெறையிற வரைக்கும், அது சாகக்கூடாது. சாகாம நின்னுச்சின்னா நான் வீட்டுல பாயப் போட்டுப் படுக்கிறேன். அதுக்கப்புறம் கொட்டில் பக்கம் திரும்பியும் பாக்கமாட்டேன். போதுமா?"

"போதும். பேச்சு மாறக்கூடாது."

"நா எப்பம்மா மாறியிருக்கேன்?"

அதுவும் உண்மைதான். வீரையா ஒன்று சொன்னால் சொன்னதுதான். இளம் வயதில், மலைநாட்டில் குடியிருந்த தேயிலைத் தோட்டத்து லயம், அந்த வரிசை வீடுகள், எரிந்தபோது, இனி இந்த மலையில் கால் வைக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு வன்னிக்கு இறங்கியவர், பிறகு ஒரு செத்தவீட்டுக்குக்கூட மலை ஏறவில்லை. மலைநாட்டுப் பேச்சு மட்டும் அவர் வாயிலும் மீனம்மா வாயிலும் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. மகள் இங்கே பிறந்தவள். அவளுக்கு வன்னிப் பேச்சுத்தான் வரும்.

நிசாந்தினியைப் பற்றியும் சொல்லவேண்டும். முப்பதைத் தாண்டியவள். செட்டிகுளம் பஸ் நிலையத்துக்குக் கிட்ட றிஸ்கானின் போன் திருத்தும் கடையில் வேலை. போர் முடிந்து சனத்தை அடைத்துவைத்த மெனிக்பாம் முகாமில் பள்ளிக்கூடப் பிள்ளையாய் இருக்கையில், பழுதான ரோர்ச் ஒன்றைக் கழற்றிப் பூட்டியதுதான் அவளுடைய முதல் வேலை. பூட்டி முடிந்ததும் ஒரு ஆணி மிஞ்சியது, ஆனால் லைற் எரிந்தது. பிறகு வவுனியாவில் ஒரு படிப்பு, பிறகு இந்தக் கடை. ஒரு கலியாணப் பேச்சும் வந்தது. கடை வேலையை விடவேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டார்கள். அவள் மாப்பிள்ளையை விட்டாள்.

பெட்டிக்குள் இருந்தது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. சூடுள்ளது எதுவும் முன்னால் அசைந்தால் உணர்கிற சென்சர் ஒன்று, அதுதான் கண். அந்தக் கண் தட்டினால் எழும்பி யோசிக்கிற சின்னச் சிப் ஒன்று. அது உத்தரவு கொடுத்தால் தொண்டை கிழியக் கத்துகிற சைரன் ஒன்று. எல்லாவற்றுக்கும் தீனி, பழைய லப்ரொப் பற்றரிகளை உடைத்து எடுத்த செல்கள். வயலுக்குக் கரண்ட் கிடையாது. சூரியத் தகடு வைத்தால் குரங்கு பிடுங்கும், குரங்கு விட்டால் மனுசன் பிடுங்குவான். ஆகவே பற்றரியில் இருக்கிறதை வைத்துத்தான் காலம் தள்ளவேண்டும்.

பகலில் அந்த வழியால் மாடு போகும், ஆள் போகும். அதற்கெல்லாம் கத்தினால் ஊர்ச்சனம் பெட்டியை உடைத்துப்போடும். அதனால் கண் தட்டி எழுப்பியதும் சிப் முதலில் வெளிச்சம் இருக்கிறதா என்று பார்க்கும். இருட்டென்றால் சைரன். பகலென்றால் சத்தம் போடாமல், இன்னும் ஏதும் அசைகிறதா என்று கொஞ்ச நேரம் விழித்திருந்து பார்த்துவிட்டுத் திரும்பப் படுத்துவிடும். நல்ல யோசனைதான் என்று அவளே தன் முதுகில் தட்டிக்கொண்டாள்.

முதல் பெட்டி ஒரு கிழமைகூட நிற்கவில்லை. அதற்குக் காரணம் தெரிந்தது. சிப் தூங்கவே இல்லை, இரவும் பகலும் முழித்தபடி பற்றரியைக் குடித்துக்கொண்டிருந்தது. யூரியூப்பில் யார் யாரோ சொன்னதைக் கேட்டு அதைத் தூங்கப் பழக்கினாள். இரண்டாவது முறை, சிப் பூட்டியிருந்த பலகையில் சும்மா எரிந்துகொண்டிருந்த சிவப்பு லைற், பச்சை லைற் எல்லாவற்றையும் ஈயத்தை உருக்கிப் பிடுங்கி எறிந்தாள். ஒரு கடுகு லைற்கூட மாதக்கணக்கில் எரிந்தால் பற்றரிக்குக் கேடுதானே. மின்னைக் குறைத்துக் கொடுக்கிற துண்டு தானே பாதியைத் தின்கிறது என்று கண்டு அதையும் மாற்றினாள். மேசையில் வைத்து மீற்றரால் அளந்தால், இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்குத்தான் மின்சாரம் போனது. அந்தக் கணக்குக்குப் பற்றரி வருசக்கணக்கில் நிற்கவேண்டும். வயலில் கட்டினால் அடுத்த கிழமை பிணம்.

மண்டை காய்ந்துபோனது. கடையில் வாடிக்கையாளர் போனைக் கழற்றிவிட்டு எதற்குக் கழற்றினோம் என்று மறந்து நின்றாள்.

"புள்ள நிசா," என்றார் றிஸ்கான், தேத்தண்ணியை அவள் பக்கம் தள்ளி. "செட்டிகுளத்தில செத்த போனெல்லாத்துக்கும் நீ உயிர் குடுக்கிறாய். உன்ர பெட்டிக்கு மட்டும் என்ன வந்தது?"

"விசர் வந்திட்டு நானா. அதுக்கில்லை, எனக்கு."

"அப்ப பெரிய கார் பற்றரி ஒண்டு வையன். ஒரு பிரச்சினையும் இல்லை."

"வைக்கலாம். ஆனா காட்டோரத்தில கார் பற்றரிய விட்டிட்டு வந்தா விடியக் கட்டைதான் மிச்சமிருக்கும். யானை எடுக்காது, நானா."

றிஸ்கானுக்கு அது தெரியும். அவருடைய மோட்டார்சைக்கிள் பற்றரியே போன வருசம் கடை வாசலில் வைத்துக் காணாமல் போனதுதான்.

பெட்டி செத்த ஒவ்வொரு தரமும் மீனம்மா தன் பங்குக்கு ஒரு வேலை செய்தாள். அந்தப் பக்கத்தில் பன்றிக்குப் பயந்தவர்கள் எல்லோரும் செய்வதுதான். பழைய சேலையைக் கிழிக்காமல் முழுசாய் விரித்து, காட்டுப்பக்க வேலி நீளத்துக்குக் கட்டிவிடுவார்கள். சேலை காற்றில் அடிக்க, ஆள் நிற்கிறதென்று பன்றி ஒதுங்கிப்போகும். மகளுடைய மெசினில் மீனம்மாவுக்கு மனம் நிறைய நம்பிக்கை இருந்தது என்று சொல்லமுடியாது. மெசின் செத்துக் கிடக்கையில் மனுசனுக்குத் துணையாய் வேலியில் ஏதாவது இருக்கட்டும் என்று முதல் தரம் இரண்டு சேலை கட்டினாள். இரண்டாம் தரம் இன்னும் மூன்று. பழையது முடிந்ததும் கோயிலுக்கு உடுக்கிற பச்சைச் சேலையும் வேலிக்குப் போய்விட்டது.

நிசாந்தினி எப்போதும் கடை பூட்டி, பின்னேரம் மங்கிய பிறகுதான் வயலுக்கு வருவாள். பெட்டியைக் கட்டுவாள், நடந்து காட்டிச் சோதிப்பாள், சைரன் கத்தும், போவாள். வெள்ளிக்கிழமைகளில் ஜும்மாவுக்காகக் கடை மதியம் பூட்டும். அந்த நேரத்தில் வழக்கமாய் வீட்டில் உடுப்புத் தோய்ப்பாள். அந்த வெள்ளி மட்டும் உடுப்பு கிடக்கட்டும் என்று மீற்றரைப் பைக்குள் போட்டுக்கொண்டு, ஆத்திரத்தோடு சைக்கிளை வயலுக்கு மிதித்தாள். இன்றைக்கு ஒன்றில் அது, அல்லது நான்!

உச்சி வெயில். சோளகக் காற்று புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. பெட்டியைத் திறந்து, திரும்ப ஏற்றிக் கொண்டுவந்த பற்றரியைப் பூட்டி, மீற்றர் வயர்களைக் கொழுவிவிட்டு இலக்கத்தைப் பார்த்தாள். ஒன்றும் இல்லை, தூக்கம். நல்ல பிள்ளை. ஒரு காற்று அடித்தது. இலக்கம் சடாரென்று எகிறியது. சிப் எழும்பிவிட்டது! சுற்றிப் பார்த்தாள். ஆளில்லை, மாடில்லை, காகம்கூட இல்லை. சிப் விழித்திருந்து பார்த்துவிட்டுப் படுக்கப் போக, இன்னொரு காற்று. திரும்ப எழும்பியது. படுக்கவே இல்லை.

அவள் நிமிர்ந்தாள். முன்னால் வேலி நெடுக அம்மாவின் சேலைகள். வெயிலில் காய்ந்து, தொட்டால் கை சுடுகிற சூட்டில், காற்றோடு சேர்ந்து பேயாட்டம் ஆடிக்கொண்டிருந்தன. சூடான பொருள் அசைகிறது. கண்ணுக்கு அது சேலையா யானையா என்று என்ன தெரியும்? காலையிலிருந்து பொழுது சாயும்வரை, நாள் முழுக்க, கண் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. பின்னேரம் சேலை ஆறி, காற்றும் விழுந்த பிறகு அவள் வருவாள், பெட்டி சாதுவாய்த் தூங்கிக்கொண்டிருக்கும். எழும்புகிறபோது மின்னிக் காட்டியிருக்கக்கூடிய ஒரே லைற்றையும் மின்சாரம் மிச்சம் பிடிக்கிறேன் என்று அவளே பிடுங்கி எறிந்திருந்தாள்!

"அட கடவுளே!" என்று வரம்பிலேயே இருந்துவிட்டாள். சிரிப்பும் வந்தது, ஒப்பாரி வைத்து அழவும் வேண்டும் போலிருந்தது. பெட்டி சாகச் சாக அம்மா சேலை கட்டினாள். சேலை கூடக் கூடப் பெட்டி கெதியாய்ச் செத்தது. ஆளுக்கொரு பக்கமாய் இழுத்து, இரண்டு பெண்களுமாய்ச் சேர்ந்து அந்த மனுசனை மரத்திலேயே வைத்திருந்தார்கள்.

வீட்டுக்கு வந்த வேகத்தில் யோசிக்காமல் சொல்லிவிட்டாள். மீனம்மா குசினியில் மீன் கழுவிக்கொண்டிருந்தவள், கையை அப்படியே நிறுத்தினாள்.

"அப்ப அந்த மனுசன நான்தான் மரத்துல வச்சிருந்தேன்னு சொல்றியா?"

"அம்மா, நான் அப்பிடிச் சொல்லேல்லை."

"அதத்தானே சொல்ற. ரெண்டு மாசமா அந்தாளு ஏணியில ஏறுறப்போ எல்லாம் வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டு நின்னேன். அந்த நெருப்ப நானே மூட்டினேன்னு வந்து சொல்ற."

மீன் நாற்றத்தோடு கையைக்கூடத் துடைக்காமல் வெளியே போனவள், பொழுது படுவதற்குள் அத்தனை சேலையையும் அவிழ்த்து மூட்டையாய்ச் சுமந்துகொண்டு வந்து மகளின் கட்டிலில் போட்டாள். பச்சைச் சேலை வேலி முள்ளில் பட்டு நார்நாராய்க் கிழிந்திருந்தது.

சேலையைக் கழற்றியிருக்கவே தேவையில்லை என்று நிசாந்தினிக்கு உறைத்தது அடுத்த நாள்தான். பகல் முழுக்கக் கண் தட்டுவதைக் கணக்கெடுக்காதே, இருட்டினால் மட்டும் எழும்பு என்று சிப்புக்கு நாலு வரி எழுதியிருந்தால் போதும். நாலே நாலு வரி! அதை யோசிக்காமல் தாயின் மனதைக் குத்திக் கிழித்துவிட்டு வந்து நிற்கிறாள். தலையைக் கடை மேசையில் முட்டிக்கொண்டாள். றிஸ்கான், மேசை கடன்வாங்கின மேசை, மெல்ல முட்டு என்றார்.

நாலு வரியையும் எழுதி, அமாவாசை அன்று பெட்டியைக் கட்டினாள். இந்த முறை பெட்டி சாகவில்லை. பிறை கண்டது, சாகவில்லை. ஒரு பன்றிக் கூட்டம் வந்தது. பெட்டி கத்திய கத்தலில் பன்றி காட்டுக்குள் ஓட, கொட்டிலில் அயர்ந்துபோயிருந்த வீரையா துள்ளி எழும்பி, "அடேங்கப்பா!" என்றாராம். பறுவத்தன்று பற்றரியை அளந்தாள். அப்படியே கிடந்தது, குறைந்த மாதிரியே தெரியவில்லை. இரண்டு மாத எரிச்சல் எல்லாம் ஒரே மூச்சில் இறங்கியது போலிருந்தது.

வீரையா பேச்சு மாறவில்லை. தலையணையையும் போர்வையையும் கொட்டிலிலிருந்து எடுத்துக்கொண்டு, ஏணியில் ஒவ்வொரு படியாய்த் தடவி இறங்கி, வீட்டுக்கு வந்து பாயை விரித்தார். மீனம்மா அன்றைக்குத்தான் மகளோடு முகம் பார்த்துக் கதைத்தாள். ராசவள்ளிக்கிழங்குக் கஞ்சி வைத்து, மகளுக்கு முதல் கோப்பையைக் கொடுத்தாள். அதற்குப் பிறகு வந்த இரவுகளில் மூன்று பேரும் ஒரே கூரையின் கீழ் படுத்தார்கள். பெண்கள் இரண்டு பேரும் அடித்துப்போட்ட மாதிரித் தூங்கினார்கள். வயல் பக்கம் காதை வைத்துக்கொண்டு பயந்து பயந்து தூங்கிய தூக்கமெல்லாம் போய், இது உண்மையான தூக்கம்.

அப்படி ஒரு தூக்கத்திலிருந்து ஒருநாள் விடிய நிசாந்தினி எழும்பி வந்தபோது, தகப்பன் முற்றத்தில் கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார். உடுத்திருந்த சாரத்தில் முழங்கால்வரை சேறு. முகமெல்லாம் சிரிப்பு.

"உன் பெட்டி சிங்கம்மா! பெரியவரு வந்திருக்காரு. கத்திச்சு பாரு, காது கிழியிற மாதிரி! நீங்க ரெண்டு பேரும் அசையல. எனக்குத் தூக்கத்துலயும் வயல் சத்தம்னா கேட்டுரும்."

காட்டோரத்துக்காரர்கள் யானையைப் பெயர் சொல்லிக் கதைப்பது குறைவு. பெரியவர் என்றால் யார் என்று அவளுக்குத் தெரியும்.

"கேட்டு என்ன செய்தனீங்க, அப்பா?"

"என்ன செய்யிறது? வெடியத் தூக்கிக்கிட்டு ஓடினேன். நா போய்ச் சேர்றதுக்குள்ள பெரியவரு போயிட்டாரு. ஒரு கதிருக்குச் சேதமில்ல."

ஓடினாராம். கொட்டில் இருந்தபோது அவர் மரத்தின் மேல் இருப்பார், யானை கீழே நிற்கும், அவர் வெடி போடுவார். வீட்டில் படுத்தால் யானையிடம் போகவேண்டும், நிலத்தில், கால் நடையாய், அந்தக் கண்ணோடு. பற்றரியை, சிப்பை, சேலையை எல்லாம் மாறி மாறி யோசித்தவள், சைரன் கத்திய பிறகு என்ன நடக்கும் என்று ஒருநாளும் யோசிக்கவில்லை. பெட்டி கத்தினால் தகப்பன் படுத்திருப்பார் என்று எந்தப் பைத்தியக்காரி நம்புவாள்? அவள்தான் நம்பினாள்.

சைக்கிளை எடுக்கவில்லை. வாய்க்கால் கரையால் வயலுக்கு நடந்தாள். முந்தின நாள் தண்ணீர் கட்டியதில் வழி சேறாயிருந்தது. சேற்றில் தகப்பனின் செருப்புத் தடம் வயலை நோக்கி ஒரே சீராய்ப் போனது, இடது காலைக் கொஞ்சம் இழுத்தபடி. பற்றைகள் அடர்ந்த வளைவில் பெரிய, வட்டமான தடங்கள் வழியில் ஏறின. அவள் குனிந்து பார்த்தாள். யானை முன்னால் போய், அவர் பின்னால் போயிருந்தால் யானைத் தடத்தின் மேல் செருப்புத் தடம் இருக்கவேண்டும். இங்கே செருப்புத் தடத்தின் மேல்தான் யானையின் கால் விழுந்திருந்தது. பற்றைக்குள் நின்று அவரைப் போகவிட்டு, பிறகு வழியில் ஏறி, கொஞ்சத் தூரம் அவருக்குப் பின்னாலேயே நடந்திருக்கிறது. பிறகு ஏனோ காட்டுப் பக்கம் திரும்பிப் போயிருக்கிறது.

வயலுக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து பற்றரியை அளந்தாள். நல்லாய் இருந்தது. இவ்வளவு காலமும் செத்துச் செத்து உயிரை எடுத்த சனியன், சாகவேண்டிய நாளில் சாகவில்லை.

திரும்பி வந்தபோது வீரையா தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். மீனம்மா அவருக்குப் பக்கத்தில் இருந்து நேற்றைய சங்கதியைத் திரும்பத் திரும்பக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். நிசாந்தினி உள்ளே போனாள். பாயையும் தலையணையையும் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்து தகப்பனின் மடியில் வைத்தாள்.

"என்னம்மா இது?"

"இண்டையிலயிருந்து கொட்டிலிலயே படுங்கோ."

மீனம்மாவின் சிரிப்பு நின்றது. வீரையா மகளின் முகத்தை ஏற இறங்கப் பார்த்தார். "ஏம்மா, பெட்டி செத்துப்போச்சா?"

"இல்லை, அப்பா," என்றாள். "அது நல்லாத்தான் இருக்கு."